கல்லுக்குள் தேரை, நியானுக்குள் அயனி: ஆய்வகத்துக்குப் புதிதாக வருவோருக்கு

"அயனி என்றாலே எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிப்பதுதானே அண்ணா? அதை எப்படி மணிக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கிறீர்கள்?" எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர் முதல் நாளே கேட்டது இது. கிளமெண்டி உணவங்காடி நிலையத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, அவர் முன்னால் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் இருந்தது. அதையே காட்டிச் சொன்னேன்: "இந்தச் சீவிய பனிக்குள் கிடக்கும் சிவப்பு அவரையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடு. அந்த ஒன்றைச் சுற்றி ஆயிரம் பங்கு பனி. பனி அதை நகரவிடாது, அதோடு வினை புரியவும் செய்யாது." நீர்ப்பனிக்குப் பதிலாக நியான் பனி, அவரைக்குப் பதிலாக அயனி. இதைத்தான் நாங்கள் மேட்ரிக்ஸ் என்கிறோம்.

அன்று பேசியதை அடுத்து வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன். தொடக்கக் கல்லூரி அளவு வேதியியல் தெரிந்திருந்தால் போதும். பழகுவதற்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: கார்பன் டை ஆக்சைடு. அதன் நேர் அயனி, எதிர் அயனி இரண்டையும் பிடித்து அகச்சிவப்பில் பார்ப்பதுதான் முதல் பயிற்சி.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், அந்த எதிர் அயனியே பதில். கார்பன் டை ஆக்சைடு தனியாக ஓர் எலெக்ட்ரானை வைத்துக்கொள்ள விரும்பாத மூலக்கூறு. வெற்றிடத்தில் அதன் எதிர் அயனி ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிலைப்பதில்லை. உறைந்த நியானுக்குள் அதே அயனி, கல்லுக்குள் தேரை போல, நாம் அளந்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் விட்டில், டேவிட் டௌஸ், ஜார்ஜ் பிமென்டல் மூவரும் முன்வைத்த எண்ணம் இது: நிலையற்ற ஒன்றைப் பிடிக்க வேகமான கருவி தேவையில்லை, அதையே நிறுத்திவிடலாம்.

எந்த வாயு?

ஆர்கான் மலிவு, எளிதில் உறையும். 83.8 கெல்வினில் திண்மமாகிவிடுவதால் 10 முதல் 15 கெல்வின் வரை குளிர்விக்கும் சாதாரண இயந்திரமே போதும். கைப்பழக்கத்துக்கு முதல் சில வாரங்கள் ஆர்கானில்தான் வேலை செய்ய வேண்டும் என்பேன். ஆனால் அயனி என்று வந்துவிட்டால் நியான்தான். ஆர்கான் அணு பெரியது, அதன் எலெக்ட்ரான் மேகம் நேர் மின்னூட்டத்தை நோக்கி எளிதாக வளைந்துகொடுக்கும். அதனால் அயனியின் பட்டை, அதாவது நிறமாலையில் அது அகச்சிவப்பை உறிஞ்சும் இடம், நகரும். சில சமயம் ஆர்கானே அயனியோடு பிணைந்துவிடும். நியான் அப்படித் தலையிடுவது மிகக் குறைவு. கார்பன் டை ஆக்சைடு நேர் அயனியின் எதிர்ச்சீர் நீட்சி அதிர்வு (ஒரு பிணைப்பு நீளும்போது மற்றது சுருங்குவது) வாயு நிலையில் 1423.1 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு), திட நியானில் 1421.7 செ.மீ⁻¹. வித்தியாசம் ஒன்றரைகூட இல்லை. விண்வெளியில் இருப்பதோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்தத் துல்லியம் பெரிய வரம்.

நியானுக்கு விலை உண்டு. அது 24.6 கெல்வினில்தான் உறைகிறது. வெற்றிடத்தில் 10 கெல்வினை நெருங்கும்போதே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆகவே ஜன்னல், அதாவது பனி படியும், அகச்சிவப்பு ஊடுருவிப் போகும் தகடு, 4 முதல் 6 கெல்வினில் இருக்க வேண்டும். "10 கெல்வின் குளிர்விப்பான்" என்று பெயர்ப்பலகை ஒட்டிய கருவியில் நியானைப் படியவிட முயன்று ஒரு நாளை வீணாக்காதீர்கள். இன்னொன்று, வெப்பநிலை உணரி குளிர் விரலின் (குளிர்விப்பானின் குளிர்ந்த கோலின்) நுனியில் இருக்கிறதா, ஜன்னலின் சட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சில கெல்வின் வேறுபாடு இருக்கலாம். இடையில் இண்டியம் தகட்டை நன்றாக இறுக்கியிருந்தால் அது குறையும்.

ஈரம்: சிங்கப்பூரில் முதல் பாடம்

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடும். நமக்கு அப்படி முடியாது. இங்கே வெளிக்காற்றின் ஈரம் திவலையாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையே ஆண்டு முழுவதும் 24, 25 டிகிரி செல்சியஸ். ஏர்கான் அறையில் அது குறையும் என்றாலும், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே வருகிறது. குளிர்விப்பானை இயக்கும் கம்ப்ரசருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருக்கும். அந்த நீர் எங்கே சொட்டுகிறது, அதன் கீழே மின்கம்பி ஏதும் இருக்கிறதா என்பதைக் கருவியை இயக்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

ஜன்னல் பெரும்பாலும் சீசியம் அயோடைடு அல்லது பொட்டாசியம் புரோமைடு. இரண்டும் உப்பு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். வெறும் விரல் பட்டால்கூட மேற்பரப்பு மங்கிவிடும். உலர்கலனிலிருந்து எடுத்த ஜன்னலை அந்த நிமிடமே பொருத்தி, உடனே பம்ப்பை ஓட்டுங்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் முதலில் அதைச் சூடாக்கி உலர்த்துங்கள்.

ஜன்னலைவிடப் பெரிய சிக்கல் நிறமாலைமானிக்குள் இருக்கும் காற்று. நீராவியின் கூரிய கோடுகள் ஏறத்தாழ 1300 முதல் 1900 செ.மீ⁻¹ வரை நெருக்கமாக விழுகின்றன. நாம் தேடும் நேர் அயனி 1421.7இல், எதிர் அயனி 1658.3இல். இரண்டும் அந்தப் புதருக்கு நடுவே! நம் மூலப்பொருளான கார்பன் டை ஆக்சைடோ நாம் விடும் மூச்சிலேயே இருக்கிறது, அதன் வலுவான பட்டை 2349இல். ஆகவே ஒளிப்பாதை முழுவதையும் உலர்ந்த நைட்ரஜனால் அலச வேண்டும். அரை மணி நேரம் போதாது. முந்தைய இரவே திறந்துவிட்டுப் போங்கள்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலாண்டில், 1653 செ.மீ⁻¹ பக்கம் ஒரு சிறிய சிகரம் கிடைத்தது. எதிர் அயனி வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டதால் வந்த துணைப்பட்டை என்று முடிவு செய்து மூன்று வாரம் அதன் பின்னாலேயே போனேன். படியும் நேரத்தை மாற்றினேன், செறிவை மாற்றினேன். அது தன்னிச்சைப்படி ஒரு நாள் வளர்ந்தது, ஒரு நாள் தேய்ந்தது. கடைசியில் பார்த்தால், அது நீராவியின் வலுவான கோடுகளில் ஒன்று. அலசும் நைட்ரஜன் உருளை வார இறுதிகளில் தீர்ந்துபோயிருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் புதிய சிகரத்தைப் பார்த்தாலும், அன்றைய நீராவி நிறமாலையை முதலில் அதன் மேல் வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் முதல் நாளே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கலவை

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களும் கலனும் கொண்ட வாயுப் பாதையைச் சூடாக்கி, ஓர் இரவு முழுவதும் பம்ப் செய்த பிறகே கலவை தயாரிக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நீர் அப்போதுதான் கழன்று வரும். பிறகு கணக்கு எளிது: 1 மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு, அதன் மேல் நியானை விட்டு மொத்தம் 1000 மில்லிபார். ஆயிரத்தில் ஒன்று. இன்னும் நீர்த்ததாக இருந்தாலும் நல்லதே. கலந்தவுடன் பயன்படுத்தாமல் சில மணி நேரம் விட்டுவைத்தால் சீராகப் பரவும்.

செறிவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும். அவரைகளெல்லாம் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்குமே, அதுபோல மூலக்கூறுகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்துகொள்ளும். அப்போது நமக்குக் கிடைப்பது தனி அயனியின் நிறமாலையாக இருக்காது, இரட்டை அயனிகளின் நிறமாலையாகிவிடும்.

அயனியாக்கம்

நியானை மின்னிறக்கத்தில் கிளர்த்தினால் அதன் கிளர்ந்த அணுக்களிடம் 16.6 முதல் 16.85 எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் இருக்கும். கார்பன் டை ஆக்சைடிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 13.78 போதும். நீருக்கு 12.62, நைட்ரஜனுக்கு 15.58. எல்லாமே நியானின் கைக்கு எட்டும் தூரம். கிளர்ந்த ஆர்கானிடம் 11.5 முதல் 11.8 வரைதான், அது கார்பன் டை ஆக்சைடை ஒரே அடியில் அயனியாக்க முடியாது. அயனிக்கு நியானைத் தேர்ந்தெடுக்க இது இரண்டாவது காரணம்.

செய்யும் முறை இதுதான். கலவை ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த ஜன்னலை நோக்கி மெதுவாக வருகிறது, மணிக்குச் சில மில்லிமோல் வேகத்தில். பக்கத்துக் குழாயில் தூய நியான், மைக்ரோ அலை மின்னிறக்கத்தில் ஒளிர்ந்தபடி வருகிறது. இரண்டும் ஜன்னலுக்கு முன் சந்தித்து, அங்கேயே ஒன்றாக உறைகின்றன. இரண்டாவது குழாயின் நுனியில் ஏன் கண்ணாடி மூடி இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். நியானின் புறஊதா ஒளி 74 நானோமீட்டர் பக்கம் வருகிறது. லித்தியம் புளோரைடு ஜன்னலே 105 நானோமீட்டருக்குக் கீழே எதையும் விடாது. ஆகவே திறந்த குழாய்தான் ஒரே வழி. லேசர் துடிப்பால் உலோகத்தைச் சுட்டு, அதிலிருந்து வரும் எலெக்ட்ரான்களையும் ஒளியையும் பயன்படுத்தும் முறையும் உண்டு. எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் முறையும் உண்டு. முதல் பயிற்சிக்கு மின்னிறக்கம் போதும்.

அவசரப்படாதீர்கள். வேகமாகப் படியவிட்டால் ஜன்னல் சூடேறும், பனி கலங்கிப் பால் போலாகும், ஒளி சிதறி அடிக்கோடு சரியும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும்.

படித்தல்

0.5 செ.மீ⁻¹ பிரிதிறனில் சில நூறு வருடல்களின் சராசரியை எடுங்கள். முதலில் கண்ணில் படுவது அயனியாகாத கார்பன் டை ஆக்சைடு, 2347 பக்கம் மிக உயரமாக. அயனியான பங்கு மிகச் சிறிது. 1421.7இல் நேர் அயனி. 1658.3இல் எதிர் அயனி. மின்னிறக்கம் இல்லாமல் அதே கலவையைப் படியவிட்டு எடுத்த நிறமாலையைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும். ஒரே ஓர் எலெக்ட்ரான் போனதற்காக அந்த அதிர்வு 2349இலிருந்து 1423க்கு இறங்குவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வியப்புதான்.

இரண்டு அயனிகளும் சேர்ந்தே தெரிவது தற்செயல் இல்லை. திண்மம் மொத்தத்தில் மின்னூட்டம் அற்றதாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு நேர் அயனிக்கும் எங்கோ ஓர் எதிர் அயனி உட்கார்ந்திருக்கும். நேர் அயனி தெரிந்து எதிர் அயனி ஒன்றும் தெரியவில்லை என்றால், அது எங்கே என்று தேடுவதும் உங்கள் வேலை.

குறுக்கு விசாரணை

இந்தத் துறையில் புதியவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. ஆர்கானில் ஹைட்ரஜனைக் கலந்து மின்னிறக்கம் செய்தால் 903 செ.மீ⁻¹ பக்கம் ஒரு வலுவான பட்டை வரும். 1972இல் விளாடிமிர் பாண்டிபேயும் பிமென்டலும் அதை ஆர்கான் படிகத்தின் இடுக்கில் மாட்டிய தனி ஹைட்ரஜன் அணுவின் அசைவு என்று விளக்கினார்கள். ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் இருமடங்கு நிறையுள்ள ஐசோடோப்பான டியூட்டீரியத்தைப் போட்டால் பட்டை 644 பக்கம் இறங்குகிறது. விகிதம் 1.40, அதாவது 2இன் வர்க்கமூலத்துக்கு மிக அருகில். அசைவது ஹைட்ரஜன்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே டால்பஸ் மில்லிகனும் மேரிலின் ஜாகாக்ஸும் அது மின்னூட்டம் உள்ள ஒன்று, ஆர்கானோடு பிணைந்த புரோட்டான் என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை இரண்டு ஆர்கான் அணுக்களுக்கு நடுவே ஒரு புரோட்டான் அமர்ந்த நேர்கோட்டு அயனி என்று உறுதிசெய்தன. கிரிப்டானில் அதே வகை அயனி 853இல், செனானில் 731இல்.

பிமென்டல் இந்த முறையையே தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். அவருடைய அளவீட்டில் பிழை இல்லை. ஐசோடோப் சோதனை, அசைவது எந்த அணு என்று மட்டுமே சொல்லும். மின்னூட்டம் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை கற்ற மாதிரி.

மின்னூட்டத்தைக் கேட்பதற்கு விளக்குதான் கருவி. படிந்து முடிந்த பனியின் மீது முதலில் சிவப்பு ஒளி, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் புறஊதா என்று வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறமாலை எடுங்கள். எலெக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்திருக்கும் எதிர் அயனி முதலில் அதை இழக்கும். விடுபட்ட எலெக்ட்ரான் பனிக்குள் ஓடி ஒரு நேர் அயனியைச் சேரும். அப்போது எதிர் அயனியின் பட்டையும் நேர் அயனியின் பட்டையும் சேர்ந்தே இறங்கும், நடுநிலை மூலக்கூறு கொஞ்சம் ஏறும். ஒளிக்கு அசையாமல் நிற்கும் சிகரத்தை அயனி என்று எழுதுமுன் நன்றாக யோசியுங்கள்.

அடுத்து, எலெக்ட்ரான் பொறி. கலவையில் மிகச் சிறிதளவு, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, கார்பன் டெட்ராகுளோரைடு சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். அலைந்துதிரியும் எலெக்ட்ரான்களை அது விழுங்கிவிடும். 1658.3 தேய்ந்துபோகும். 1421.7 அப்படியே நிற்கும், அல்லது வளரும். எது எந்தக் குறி என்பது அப்போது தெளிவாகிவிடும்.

ஐசோடோப்புக்கு வருவோம். கார்பன்-13 போட்டால் நேர் அயனியின் பட்டை, எளிய நிறைக் கணக்கின்படி, 1380ஐ ஒட்டி விழ வேண்டும். ஆக்சிஜன்-16, ஆக்சிஜன்-18 இரண்டும் எல்லாச் சேர்க்கையிலும் கலந்த மாதிரியில் ஒரு பட்டை மூன்றாகப் பிரிந்து, நடுவில் உள்ளது இருமடங்கு உயரமாக இருந்தால், ஒரே நிலையில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு என்று பொருள். ஐசோடோப் வாயு விலை அதிகம், அதனால் மற்றச் சோதனைகளில் தேறிய பட்டைக்கு மட்டும் செலவழியுங்கள். குவாண்டம் வேதியியல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மூன்று அணு மூலக்கூறுக்கு மடிக்கணினி போதும். ஆனால் கணக்கு தரும் அதிர்வெண் வழக்கமாகச் சில விழுக்காடு உயர்வாகவே இருக்கும். கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே அளந்த எண்களைத் தேட, ஜாகாக்ஸ் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த அட்டவணைகள் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தின் வேதியியல் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்தப் பொறுமை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ஒரு சான்று. 1993இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஜான் மேயர் குழு, 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறின் நேர் அயனியை நியானில் பிடித்து, அண்மை அகச்சிவப்பில் 958, 964 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுவதைக் கண்டது. அடுத்த ஆண்டே பெர்னார்ட் ஃபோயிங், பாஸ்கால் எரன்ஃப்ராய்ண்ட் இருவரும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து வரும் ஒளியில், அந்த இடங்களுக்குச் சற்று அருகே இரண்டு பட்டைகளைக் கண்டார்கள். நியானின் சிறு நகர்வு மட்டும் ஐயமாக எஞ்சியது. 2015இல் மேயர் குழுவே அயனியை வாயு நிலையில் குளிரவைத்து அளந்து, இரண்டும் ஒன்றே என்று காட்டியது. நியான் பனி வழிகாட்டியிராவிட்டால் வானத்தில் எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பாதுகாப்பும் இரவு வேலையும்

உணர்கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். மூடிய சிறு அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆக்சிஜன் அளவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள். திரவ நைட்ரஜன் கலனோடு மின்தூக்கியில் ஏறாதீர்கள். கலனை மட்டும் அனுப்பி, மேலே ஒருவரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மின்னிறக்கக் குழாயைப் புறஊதாக் கண்ணாடி இல்லாமல் உற்றுப் பார்க்காதீர்கள்.

அளந்து முடித்ததும் சூடேற்றுவது தனிக் கலை. நியானை 8 கெல்வின் வரை மெதுவாக ஏற்றி மறுபடி இறக்கினால், சிறு துகள்கள் நகர்ந்து சேரும். அதில் புதிய பட்டைகள் வந்தால் அதுவும் செய்திதான், குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் நியான் முழுவதும் திடுமென ஆவியாகும். பம்ப் வால்வு திறந்திருக்க வேண்டும், வெற்றிடக் கலனில் அழுத்த விடுவிப்பு வால்வு இருக்க வேண்டும். இடி மின்னலில் மின்சாரம் போய்க் கம்ப்ரசர் நின்றாலும் இதேதான் நடக்கும்.

அதன் பிறகு அவசரமே வேண்டாம். ஜன்னல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை வெற்றிடத்தை உடைக்காதீர்கள், உடைக்கும்போதும் உலர்ந்த நைட்ரஜனால் நிரப்புங்கள். கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்கும்போதே திறந்தால் நம் ஊர்க் காற்று ஒரே மூச்சில் அந்த உப்பு ஜன்னலைப் பாழாக்கிவிடும். நான் வழக்கமாக மாலையில் குளிர்விப்பானை நிறுத்திவிட்டு, பம்ப்பை ஓடவிட்டு, காலையில் வந்து திறப்பேன். கிளம்புமுன் குறிப்பேட்டில் கலவை விகிதம், படிந்த நேரம், ஜன்னல் வெப்பநிலை, அன்றைய அறையின் ஈரப்பதம் நான்கையும் எழுதி, நைட்ரஜன் உருளையில் எவ்வளவு மிச்சம் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.